சின்ன வீட்டுக்கு எத்தனை பெரிய அடுப்பு?

பிரெஞ்சு படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த வேடிக்கை தெரிந்திருக்கும். 'லா புவால்' என்றால் வாணலி. 'லெ புவால்' என்றால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வைக்கும் அடுப்பு. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, பால் மட்டும் மாறும். வாணலி பெண்பால், அடுப்பு ஆண்பால். தேர்வில் கட்டாயம் வரும் கேள்வி அது. ஆனால் எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த ஆண்பால் அடுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. மார்கழி விடியற்காலையில் ஒரு போர்வையும் காதுக்கு ஒரு மஃப்ளரும் இருந்தால் போதும் என்கிற ஊர் நம்முடையது.

இப்போது நிலைமை வேறு. நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் பிரான்சில் இருக்கிறார். முதலில் பட்டாளத்துக்குப் போனவர்கள், பிறகு அவர்கள் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். பாரீசு அடுக்கு மாடிகளில் வாடகைக்கு இருந்தவர்கள் ஓய்வு பெற்றதும் வெளியூரில் சின்ன வீடாக வாங்கிக் கொள்கிறார்கள். 2022-ல் எரிவாயு, மின்சார விலை ஏறிய பிறகு அவர்களில் பலர் விறகு அடுப்பு வைக்கலாமா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். என் காதுக்கே மூன்று நான்கு கேள்விகள் வந்துவிட்டன. எந்தக் கம்பெனி நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த அடுப்பு இன்றைய வடிவத்துக்கு வந்த கதையைப் படித்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

குளிர் காய மூட்டும் நெருப்புக்குத் தமிழில் 'கணப்பு' என்று நல்ல சொல் உண்டு. சுவரில் மாடம் போல் குடைந்து, முன்பக்கம் திறந்து, மேலே புகைபோக்கி வைத்ததைக் கணப்பு மாடம் என்று சொல்கிறேன். பிரெஞ்சில் அது 'ஷெமினே'. இரும்பிலோ ஓட்டிலோ செய்து, கதவு போட்டு மூடி, அறைக்குள் நிற்கும் 'லெ புவால்' கணப்படுப்பு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தக் கதையும்.

அரசர் மேசையில் உறைந்த ஒயின்

1709 ஜனவரியில் பிரான்சில் விழுந்த குளிரை இன்றும் 'பெருங்குளிர்' என்றே சொல்கிறார்கள். நம் ஊரை உருவாக்கிய பிரான்சுவா மர்த்தேன் இங்கே இறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ஆறுகள் உறைந்தன. விதைத்த கோதுமை மண்ணிலேயே செத்தது. குளிரிலும் அதன் பின்னால் வந்த பஞ்சத்திலும் காய்ச்சலிலும் பல லட்சம் பேர் மாண்டார்கள். வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி அரசரின் விருந்து மேசையிலேயே கோப்பையில் ஊற்றிய ஒயின் உறைந்தது என்று அங்கிருந்தவர்களின் கடிதங்கள் சொல்கின்றன.

அரண்மனையில் கணப்பு மாடங்களுக்குக் குறைவில்லை. ஆள் நின்று நடக்கும் அளவு பெரிய மாடங்கள், வண்டி வண்டியாக விறகு. இருந்தும் ஒயின் உறைந்தது ஏன்? திறந்த மாடத்தில் எரியும் நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி நேராகப் புகைபோக்கி வழியே மேலே போய்விடும். அதோடு நிற்காது. மேலே போகும் காற்றுக்கு ஈடாக, கதவிடுக்கு ஜன்னலிடுக்கு வழியே வெளியிலிருந்து பனிக்காற்றை உள்ளே இழுக்கும். நெருப்பு பெரிதாகப் பெரிதாக இழுக்கும் பனிக்காற்றும் பெரிதாகும். முகம் வேகும், முதுகு விறைக்கும். நூறு ரூபாய்க்கு விறகு வாங்கினால் பத்துப் பதினைந்து ரூபாய்ச் சூடுதான் அறையில் தங்கும். மீதி ஆகாயத்துக்கு.

அந்த விறகு சும்மா வரவில்லை. பாரீசுக்கு விறகு வந்த வழி ஒரு தனிக் கதை. தென்கிழக்கே மோர்வான் காடுகளில் வெட்டிய கட்டைகளில் வியாபாரியின் அடையாளத்தைச் சம்மட்டியால் பதித்து, அப்படியே ஓடைகளில் தள்ளிவிடுவார்கள். கிளாம்சி போன்ற ஊர்களில் அவற்றைப் பொறுக்கி, அடையாளம் பார்த்துப் பிரித்து, ஏறக்குறைய 70 மீட்டர் நீளத் தெப்பங்களாகக் கட்டுவார்கள். அது யோன் ஆற்றிலும் சேன் ஆற்றிலும் மிதந்து பாரீசு போய்ச் சேரும். முன்னால் தெப்பக்காரர், பின்னால் உதவிக்கு ஒரு சிறுவன். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய இந்தத் தொழில் 19-ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. சுற்றுவட்டக் காடு தீர்ந்து போனதால்தான் அவ்வளவு தூரத்திலிருந்து கட்டையை மிதக்க விட வேண்டி வந்தது.

அடைத்த அறையில் ஒரு தத்துவம்

இதே காலத்தில் ஜெர்மானிய நாடுகளிலும் அல்சாசிலும் வேறு பழக்கம் இருந்தது. அங்கே மெருகிட்ட ஓடுகளால் கட்டிய கனமான அடுப்பு, நெருப்பை உள்ளே வைத்து மூடிவிடும். நாளுக்கு ஒருமுறை இரண்டு முறை நன்றாக எரித்தால் போதும். ஓடு சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நம் வீட்டு மாடித் தளம் பகல் வெயிலை வாங்கி ராத்திரி முழுக்க நம் தலையில் இறக்குவது போல. நமக்குத் தொல்லையாக இருக்கும் அதே குணம் அங்கே வரம்.

தெகார்த் என்ற தத்துவஞானியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்றவர். 1619 குளிர்காலத்தில் ஜெர்மனியில் பட்டாளத்தோடு தங்கியிருந்தபோது நாள் முழுக்க ஒரு 'புவால்' உள்ளே தனியாக அடைந்து கிடந்து யோசித்ததாக 1637-ல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார். அடுப்புக்குள் எப்படி உட்கார்ந்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கணப்படுப்பு வைத்துச் சூடாக்கிய அறைக்கே அந்தப் பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு அது வெளிநாட்டுப் பழக்கம். நெருப்பு கண்ணுக்குத் தெரியாத வீடு வீடாகாது என்பது அவர்கள் எண்ணம். கணப்பு மாடத்தை விட மனம் வராமல் இன்னும் நூறு ஆண்டு குளிரில் கிடந்தார்கள்.

பெருங்குளிர் வந்து நான்கு ஆண்டு கழித்து, 1713-ல், நிக்கோலா கொழே என்ற பாரீசு வழக்கறிஞர் 'நெருப்பின் இயந்திரவியல்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்னது எளிமையானது. மாடத்தின் பின்னாலும் பக்கத்திலும் வெற்றுக் குழாய் போல் வழி விடுங்கள். வெளிக்காற்று அதன் வழியே வந்து, சூடேறி, அறைக்குள் வரட்டும். அப்போது நெருப்பு இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் பனிக்காற்று வராது, சூடான காற்று வரும்.

நம் பாட்டிமார் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். கொடியடுப்பு என்ன? பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, பக்கத்தில் விட்ட துவாரம் வழியே தப்பிப் போகும் சூட்டில் குழம்பு கொதிக்கும், பால் காயும். தப்பிப் போவதைப் பிடித்து இரண்டாம் முறை வேலை வாங்குவது. கொழே செய்ததும் அந்த வகைதான்.

பிலடெல்ஃபியாவுக்குப் போன புத்தகம்

கொழேயின் புத்தகத்தைத் தெசகுலியே என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். லா ரொஷேலில் பிறந்து, புராட்டஸ்டண்ட் என்பதால் பிள்ளைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குத் தப்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அது கடல் தாண்டி அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கைக்கு வந்தது. துய்ப்ளேக்ஸ் இங்கே கவர்னராக இருக்க, ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக் கொண்டிருந்த 1744-ஆம் ஆண்டில், அங்கே ஃபிராங்க்ளின் தம்முடைய புதிய இரும்புக் கணப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார். அதில் கொழேயின் பெயரைச் சொல்கிறார். முன்பெல்லாம் வாசலிலேயே கிடைத்த விறகு, இப்போது சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து வருகிறது, குடும்பச் செலவில் பெரும் பங்கை அதுவே தின்கிறது என்றும் எழுதுகிறார்.

அவர் கணப்பு வார்ப்பிரும்புப் பலகைகளால் ஆன பெட்டி. அறைக்குள் முன்தள்ளி நிற்கும். உள்ளே ஒரு வெற்று இரும்பு அறை. புகை அதன் மேலே ஏறி, பின்னால் கீழே இறங்கி, தரைக்கடியில் போய்ப் புகைபோக்கியைச் சேரும். போகிற வழியில் இரும்புக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் புகைக்கு மேலே போகத்தான் தெரியும். கீழே இறக்க வேண்டுமானால் புகைபோக்கி முன்பே சூடாக இருந்து இழுக்க வேண்டும். நெருப்பு கொஞ்சம் தணிந்தாலும் புகை அறைக்குள் திரும்பும். பின்னால் வந்தவர்கள் அந்த இறக்கத்தை எடுத்துவிட்டு நேர் குழாய் வைத்த பிறகே அது ஊரெல்லாம் பரவியது. பெயர் மட்டும் ஃபிராங்க்ளின் அடுப்பு என்றே நின்றது.

பென்சில்வேனியா கவர்னர் காப்புரிமை தருகிறேன் என்றபோது ஃபிராங்க்ளின் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்ததை நாம் இலவசமாக அனுபவிக்கிறோம், நம்முடையதையும் அப்படியே கொடுப்போம் என்பது அவர் கட்சி. லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதைச் சற்றே மாற்றித் தன் பெயரில் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணினார் என்று தம் சுயசரிதையில் வருத்தமில்லாமல் குறிப்பிடுகிறார்.

இன்னொரு அமெரிக்கரும் இந்தக் கதையில் உண்டு. பெஞ்சமின் தாம்சன், பவேரியாவில் ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்றவர். 1790-களில் அவர் லண்டன் வீடுகளின் கணப்பு மாடங்களைப் பார்த்துவிட்டு, புகைபோக்கியின் தொண்டை அளவுக்கு மீறி அகலம் என்றார். தொண்டையைச் சில அங்குலத்துக்குக் குறுக்கி, மாடத்தின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினார். புகை நின்றது, சூடு கூடியது. செலவு கொஞ்சம் செங்கல்லும் சாந்தும்தான். பின்னாளில் அவர் பாரீசில் குடியேறி, லவுவாசியேவின் விதவையை மணந்தார். எரிவது என்றால் பிராணவாயுவோடு சேர்வது என்று உலகுக்குச் சொன்ன லவுவாசியேதான். புரட்சிக்காரர்கள் 1794-ல் அவர் தலையை வாங்கியிருந்தார்கள்.

இந்த மூன்று பேரிடமிருந்தும் நமக்குக் கிடைக்கும் பாடத்தைக் கோப்பில் குறிப்பெழுதுவது போல எழுதினால் இப்படி வரும்: ஒன்று, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார். இரண்டு, புகைபோக்கி இழுக்கிறதா என்று பார். மூன்று, அளவுக்கு மீறிய அகலம் நஷ்டம்.

பூட்டுத் தச்சர் மகன்

பிரான்சின் வடக்கே ஏன் என்று ஒரு மாவட்டம். உச்சரிப்பு நம் 'ஏன்?' என்ற கேள்வியேதான். அங்கே எஸ்கெயேரி கிராமத்தில் ஒரு பூட்டுத் தச்சரின் மகனாக 1817-ல் பிறந்தவர் ழான் பத்தீஸ்த் ஆந்திரே கொதேன். சிறு வயதிலேயே தகப்பனார் பட்டறையில் உட்கார்ந்தார். இளைஞராக ஊர் ஊராகப் போய்த் தொழில் கற்றார். அப்போது கணப்படுப்புகளை இரும்புத் தகட்டில் செய்வார்கள். தகடு நெருப்பில் நெளியும், சில ஆண்டுகளில் ஓட்டை விழும். கொதேன் வார்ப்பிரும்பில் செய்தார். 1840-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், நீண்ட நாள் உழைக்கும், பெருமளவில் வார்த்தெடுக்கலாம், விலையும் கட்டுப்படியாகும். 1846-ல் பக்கத்துக் குயிஸ் நகருக்குத் தொழிலை மாற்றினார். கணப்படுப்பு பணக்காரர் கூடத்திலிருந்து தொழிலாளியின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்ததில் அவர் பங்கு பெரியது.

அவர் சம்பாதித்த பணத்தை என்ன செய்தார் என்பது இன்னும் பெரிய கதை. ஃபூரியே என்ற சமுதாயச் சிந்தனையாளரின் கருத்தில் ஈடுபட்டு, அமெரிக்காவில் டெக்சாசில் அமைத்த ஒரு சமத்துவக் குடியிருப்புக்குத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார். அது சில ஆண்டுகளில் கலைந்தது. பணம் போயிற்று. அதன் பிறகு பிறரை நம்பாமல், 1859-லிருந்து குயிஸ் ஆலைக்குப் பக்கத்திலேயே தம் தொழிலாளர்களுக்கு மாளிகை போன்ற குடியிருப்பைக் கட்டினார். 'ஃபமிலிஸ்தேர்' என்று பெயர். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், சுற்றிலும் வீடுகள், மாடிதோறும் தண்ணீர், பள்ளிக்கூடம், நாடக அரங்கு, குளிக்கும் குளம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வாழ்ந்தார்கள். 1880-ல் ஆலையையே தொழிலாளர் கூட்டுறவுக்கு மாற்றினார். 1888-ல் அவர் இறந்த பின்னும் அந்தக் கூட்டுறவு 1968 வரை நடந்தது. அவர் பெயரில் இன்றும் அங்கே அடுப்பு வார்க்கிறார்கள். குடியிருப்பு இப்போது அருங்காட்சியகம். பிரான்சு போகிறவர்கள் ஐஃபெல் கோபுரத்தோடு திரும்பி விடாமல் ஒருநாள் அங்கேயும் போய் வரலாம்.

சோலாவின் கடைசி இரவு

அடுப்பின் புகழை மட்டும் எழுதினால் கதை பாதிதான். 1902 செப்டம்பர் 28. எமீல் சோலாவும் அவர் மனைவியும் மெதான் கிராமத்து வீட்டிலிருந்து பாரீசு திரும்பினார்கள். நாள் குளிராக இருந்ததால் படுக்கையறைக் கணப்பில் கரி மூட்டினார்கள். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. ஜன்னல்களைச் சாத்திப் படுத்தார்கள். இரவில் இருவருக்கும் தலைச்சுற்றல். சோலா எழுந்து ஜன்னலைத் திறக்கப் போய்க் கீழே விழுந்தார். காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது அவர் உயிர் போயிருந்தது. கட்டிலில் கிடந்த மனைவி பிழைத்தார். டிரைஃபஸ் வழக்கில் அநியாயத்தை எதிர்த்து எழுதியவர் என்பதால், பகைவர் யாரோ வேண்டுமென்றே புகைபோக்கியை அடைத்தார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு. கை யாருடையதாக இருந்தாலும் கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. காற்றுப் போதாமல் எரியும் எந்த நெருப்பும் அதை விடும், விறகும் கரியும் எல்லாம்.

நம் ஊரில் விறகடுப்பு கண்ணைக் கரிக்க வைத்தது, நெஞ்சைக் கெடுத்தது. ஆனால் கூரை இடுக்கும் திறந்த முற்றமும் இருந்ததால் ஒரே இரவில் ஆளைக் கொல்வது அரிது. குளிர் தேசத்து வீடு அடைத்த வீடு. இங்கே பழகிய கையோடு அங்கே அடுப்பு மூட்டப் போகும் நம்மவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இந்த ஒரு செய்திதான். அங்கே புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைப்பது கட்டாயம். அதற்கான சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும், காப்பீட்டுக்காரர் கேட்பார். ஒரு காலத்தில் சவுவா மலை நாட்டு ஏழைச் சிறுவர்கள் பாரீசுக்கு நடந்து வந்து, புகைபோக்கிக்குள் ஏறிச் சுரண்டிப் பிழைத்தார்கள். இப்போது தூரிகையும் இயந்திரமும் வந்துவிட்டன.

சரி, எதை வாங்குவது?

என் தங்கை மகன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, வடக்கே ஒரு சிற்றூரில் 50 சதுர மீட்டர் வீடு வாங்கியிருக்கிறான். என் தங்கையும் அவனோடுதான் இருக்கிறாள். முத்தியால்பேட்டையில் பிறந்த உடம்பு, எழுபது வயது. அங்கே அக்டோபர் வந்தாலே அவளுக்கு நடுக்கம். கடைக்காரர் பத்துக் கிலோவாட் அடுப்பு ஒன்றைக் காட்டியிருக்கிறார். "பெரிசாவே வாங்குடா, குளிர்ல கிடந்து சாகச் சொல்றியா" என்பது தங்கையின் தீர்ப்பு. "நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க மாமா" என்று அவன் தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டான்.

அவளுக்கு நான் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஓரளவு நன்றாக அடைத்துக் கட்டிய, சாதாரண உயரமுள்ள வீட்டுக்குப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் அளவு. 50 சதுர மீட்டருக்கு ஐந்து போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி சூடு இருக்கிறது. அதில் நல்ல அடுப்பு முக்கால் பங்கை அறைக்குக் கொடுக்கும். ஆக, ஐந்து கிலோவாட் அடுப்பு மணிக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக விறகு தின்னும். பத்துக் கிலோவாட் அடுப்பு அதைப் போல் இரண்டு மடங்கு தின்னும்.

"சரி, பெரிசை வாங்கிக் காத்தைக் குறைச்சு வச்சுக்கலாமே" என்றாள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. விறகின் சூட்டில் பாதிக்கு மேல் வாயுவாக வெளிவருகிறது. அந்த வாயு எரிய நல்ல காற்றும் நல்ல சூடும் வேண்டும். சின்ன வீட்டில் பெரிய அடுப்பு அரை மணியில் உட்கார முடியாதபடி கொதிக்கும். உடனே காற்றுத் திறப்பை மூடுவார்கள். நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். எரியாத வாயு மேலே போகும் வழியில் குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கீல் போல் படியும். ஒரு நாள் அதுவே பற்றிக் கொள்ளும். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு, தெருவெல்லாம் கரும்புகை, விறகுக் காசும் வீண். ஆல்ப்ஸ் மலையடியில் ஆர்வ் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் குளிர்காலக் காற்று இந்தப் புகையால் அவ்வளவு கெட்டது. பழைய அடுப்பையும் திறந்த மாடத்தையும் எடுத்துவிட்டுப் புதிது வைப்பவர்களுக்கு 2013-லிருந்து அங்கே பண உதவி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஏற்ற சின்ன அடுப்பில் நெருப்பு எப்போதும் சுடர் விட்டு எரியும். பெருங்குளிர் காலத்து வெர்சாய் மாடத்திலிருந்து இன்றைய கண்ணாடிக் கதவு அடுப்புவரை முந்நூறு ஆண்டு முயற்சியும், குறைந்த விறகை முழுசாக எரித்து அதன் சூட்டை வீட்டிலேயே நிறுத்தி வைப்பதற்காக நடந்ததுதான்.

மற்றவை சுருக்கமாக. நாள் முழுக்க ஆள் இருக்கும் வீடு, அதுவும் முதியவர் இருக்கும் வீடு என்றால், சூட்டைப் பிடித்து வைக்கும் வார்ப்பிரும்போ, கல் பதித்ததோ நல்லது. வாரக் கடைசியில் மட்டும் போகும் வீட்டுக்குச் சீக்கிரம் சூடாகும் எஃகுத் தகடு போதும். இறுக்கமாக அடைத்த புது வீடாக இருந்தால் வெளிக்காற்றைத் தனிக் குழாயில் எடுத்துக் கொள்ளும் அடுப்பாகக் கேளுங்கள், கொழே சொன்னது மூன்று நூற்றாண்டு கழித்தும் செல்லும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளைத் தானே எடுத்துப் போட்டு எரிக்கும் அடுப்பும் உண்டு. வசதிதான், ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். 2022 ஜனவரி முதல் ஐரோப்பாவில் புதிதாக விற்கும் மூடிய விறகு அடுப்புகள் பருவச் சராசரிக் கணக்கில் குறைந்தது 65 சதவீதச் சூட்டை அறைக்குத் தர வேண்டும் என்பது சட்டம். பழைய சாமான் கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் அதை நினைவில் வைக்கட்டும். எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு வந்தால் கூவும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டிவிட வேண்டும்.

விறகு வாங்குவதிலும் சூது உண்டு. அங்கே விறகை 'ஸ்தேர்' கணக்கில் பேசுவார்கள். புரட்சிக் காலத்தில் 1795-ல் மீட்டர், லிட்டர், கிராம் எல்லாம் வந்த அதே சட்டத்தில் வந்த அளவு. ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் ஒரு ஸ்தேர். அதே கட்டையை அரை மீட்டராக அறுத்து அடுக்கினால் இடுக்கு குறைந்து 0.8 கன மீட்டர்தான் வரும். விறகு குறையவில்லை, சந்துதான் குறைந்தது. படியில் குவித்து அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? எந்த நீளத்தில் அறுத்த ஸ்தேர் என்று கேட்டுவிட்டு விலை பேச வேண்டும். அதைவிட முக்கியம் காய்ச்சல். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் நெருப்பின் பலமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகும், சூடு பாதியாகிவிடும். ஓக், பீச் போன்ற கெட்டி மரங்களைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்து இரண்டு ஆண்டு காய வைப்பது அங்கே வழக்கம். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடத்தை என் தங்கைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்து கிலோவாட் அடுப்பு வந்து, முதல் வண்டி விறகு இறங்கியபோது அவளே இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்திருக்கிறாள். 'ணங்' என்று கேட்க வேண்டியது 'தொப்' என்று கேட்டிருக்கிறது. அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாளாம். ஊதுகுழல் பிடித்து வளர்ந்தவளை ஈர விறகைக் காட்டி ஏமாற்ற முடியுமா?

உங்கள் பிள்ளைகளும் அங்கே அடுப்பு வாங்கப் போகிறார்கள் என்றால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். வீடு எத்தனை சதுர மீட்டர்? புகைபோக்கியைக் கடைசியாகத் துடைத்தது எப்போது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போகட்டும்.